நிலம் தந்தோர் நினைவு வளைவு

பெரியநத்தக்குப்பம் பேரூராட்சியில் ஒரு மனிதன் நிம்மதியாகச் சாக முடியாது. செத்தால் பதினாறாம் நாள் படத்திறப்புக்குப் பரமசிவம் வந்துவிடுவார். வந்து, திரையை விலக்கி, மாலை போட்டு, "அன்னாரின் மறைவு இந்த மண்ணுக்கே ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று தழுதழுத்துவிட்டு, அன்னாரின் பெயர் என்ன என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

சாவு என்றில்லை. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, தண்ணீர்ப் பந்தல், ரத்ததான முகாம், எதையும் விடுவதில்லை. நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் ஏதாவது ஒரு பிளாக்கில் யாருக்காவது பணி ஓய்வு என்றால் அங்கேயும் ஆஜர். ரிட்டயர் ஆகிற ஆள் கழுத்தில் மாலை விழுவதற்கு முன்னால் இவர் கழுத்தில் விழுந்திருக்கும். அவர் வாங்கிய பொன்னாடைகளை ஒட்டுப்போட்டுத் தைத்தால் மைன்ஸையே போர்த்தி மூடிவிடலாம் என்று டீக்கடையில் சொல்லுவார்கள்.

இத்தனைக்கும் பரமசிவம் சேர்மன் இல்லை. சேர்மன் அவருடைய மனைவி கஸ்தூரியம்மாள். அந்த முறை தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். சட்டம் ஒரு பெண்ணைக் கேட்டது. பரமசிவம் வீட்டில் ஒரு பெண் இருந்தார். தவிர, பரமசிவத்தின் அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்து பெர்மனென்ட் ஆனவர். கஸ்தூரியம்மாளோ இந்த மண்ணில் பிறந்தவர், ஊரில் பாதிப் பேருக்கு அக்கா, மீதிப் பேருக்கு அத்தை. ஆகவே ஓட்டு அம்மாளுடையது, நாற்காலி அய்யாவுடையது என்று ஏற்பாடு. கையெழுத்து மட்டும் அம்மாள்தான் போட வேண்டும். அதையும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து ஆள் வந்து, அவர் தோசைக் கரண்டியைக் கீழே வைக்கிற நேரம் பார்த்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

சேர்மன் என்று கூப்பிட்டாலும் பரமசிவத்துக்கு முகம் சுருங்கும். டவுன்ஷிப்பையும் சுற்றுவட்டார ஊர்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒருநாள் மாநகராட்சி ஆக்கிவிடுவார்கள் என்று யாரோ ஒரு கல்யாணப் பந்தியில் அவரிடம் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். பாயசம் வருவதற்குள் அவர் மேயராகிவிட்டார். வடலூரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிற சிலம்பரசன் அன்றிலிருந்து அடித்த எல்லா பேனரிலும் 'வருங்கால மேயரே' என்று போட்டான். நாளாக நாளாக 'வருங்கால' உதிர்ந்துபோய் வெறும் மேயர் நின்றது. மாநகராட்சி இன்னும் வரவில்லை. மேயர் முன்கூட்டியே வந்து காத்திருக்கிறார்.

மேயருக்கு அசைக்க முடியாத ஒரு கொள்கை உண்டு. திறப்பு விழா நடக்காத எதையும் எவரும் தொடக் கூடாது. "திறக்காம பொழங்கறது தாலி கட்டாம குடும்பம் நடத்தற மாதிரி" என்பார். வடலூர் ரோட்டில் கட்டிய பயணிகள் நிழற்குடை பங்குனியிலேயே தயாராகிவிட்டது. ஆடி வரைக்கும் அதைச் சுற்றித் துணி கட்டி வைத்திருந்தார். ஜனங்கள் கத்திரி வெயிலில் வெளியே நின்று, உள்ளே நிழல் பத்திரமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவர் கட்டியதுதான் இந்த வளைவு.

ஊரின் கிழக்குக் கடைசியில் இன்னும் கொஞ்சம் வயல் மிச்சமிருந்தது. சுற்றிலும் இருந்ததெல்லாம் சுரங்கத்துக்குப் போயாகிவிட்டது. மிச்சத்துக்கும் நோட்டீஸ் வந்து, இந்தச் சம்பாவோடு சரி, அடுத்த போகம் நடவு வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வயல்களுக்குப் போக ஒரே ஒரு வழி. ஒரு பக்கம் மைன்ஸ் தண்ணீர் ஓடுகிற பெரிய வாய்க்கால். மறுபக்கம் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட நிலத்தைச் சுற்றி வெட்டிய ஆழமான பள்ளம். வழி தொடங்குகிற வாயில் மேயர் 'நிலம் தந்தோர் நினைவு வளைவு' என்று இரண்டு தூண் எழுப்பி, அதன்கீழ் விழாவுக்காக நீளமாகச் சிமெண்ட் ரோடும் போட்டார். நிலத்தைக் கொடுத்தவர்களின் தியாகத்தை வருங்காலத் தலைமுறை மறந்துவிடக் கூடாதாம். வளைவைத் துணியால் மூடி, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி, காவலுக்குச் சிலம்பரசனை வைத்தாகிவிட்டது. மந்திரி தேதி கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆட்கள் ரிப்பனுக்குக் கீழே குனிந்து வயலுக்குப் போய்வந்தார்கள். அதை மேயர் பெரிய மனசு பண்ணி அனுமதித்திருந்தார். குனிவது மரியாதைதானே.

வளைவுக்கு அந்தப் பக்கம் துரைராஜின் ஒரு காணி. வெள்ளைப் பொன்னி. கதிர் முற்றி, தலை சாய்ந்து, இன்றோ நாளையோ என்று நின்றது. துரைராஜ் மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவன். ஷிப்ட் முடிந்து வந்து வயலைப் பார்ப்பான். அந்தக் கான்ட்ராக்டை எடுத்திருப்பவர் மேயர். கேட் பாஸ் அவர் கையிலிருந்துதான் வர வேண்டும். ஊரில் முக்கால்வாசி வீட்டில் அப்படி ஒரு கேட் பாஸ் உண்டு. மேயருக்கு ஏன் இவ்வளவு கைதட்டல் என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். உள்ளூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவதில்லை.

இதுதான் அந்த நிலத்தில் கடைசி நெல். வீட்டுக்கு ஒரு வருஷத்துச் சோறு. மிஞ்சியது கொள்முதல் நிலையத்துக்கு. "அடுத்த வருசம் ரேசன் அரிசிதான். இந்த ஒரு வருசமாவது நம்ம சோத்த துன்னுட்டு சாவலாம்" என்று அவன் மனைவி சரிதா களை எடுக்கும்போதே சொல்லிவிட்டாள்.

அறுப்பு மெஷின் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. ஊர் ஊராக முறை வைத்து அறுத்துக்கொண்டு போகும். இந்த ஊருக்கு ஒரே ஒரு நாள்தான். விட்டால் மேல்பட்டாம்பாக்கம் போய், அப்படியே வடக்கே போய்விடும். வானிலைக்காரர்களோ வங்கக் கடலில் ஏதோ சுழல்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

துரைராஜ் மேயரை ஒரு படத்திறப்பில் பிடித்தான். ஊர் முறைக்கு அவர் அக்கா புருஷன், அதனால் மாமா.

"மாமா, ஒரு விசயங்க."

மேயர் முகத்தை உடனே சோகமாக்கிக்கொண்டார். "சொல்லு மச்சான். யாரு தவறிட்டாங்க?"

"யாரும் தவறலங்க. நெல்லு சாஞ்சிகினு நிக்கிது. நாளான்னிக்கி மெஷினு வருது. வளைவு வழியாத்தான் உள்ள போயாவணும். ரிப்பன் கட்டி வெச்சிருக்காங்க."

"ரிப்பனக் கட்டத்தான் செய்வாங்க."

"கொஞ்சம் அவுத்து வுட்டா, மெஷினு போய்ட்டு வந்ததும் நானே திரும்ப கட்டிட்றங்க."

மேயர் சோகத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "மச்சான், மந்திரி டேட் குடுத்துட்டாரு. அடுத்த வாரம். அதுக்கு முன்னாடி உன் மெஷின் உள்ள போச்சுன்னா அவர் எதைத் திறப்பாரு? திறந்ததையா?"

"மழ வரும்னு சொல்லிகினு கீறாங்க மாமா."

"தை மாசத்துல மழையா?"

"போன வருசம் பேஞ்சிது."

"போன வருஷம் நான் விழா வைக்கல." மேயர் அவன் தோளில் கை போட்டார். "உனக்குத்தான் மேடையில முதல் பொன்னாடை. 'நிலம் தந்த உழவர் துரைராஜ்'. பேரு அடிக்கக் குடுத்தாச்சு."

"நான் இன்னும் தரலீங்களே."

"தரப்போற இல்ல?" என்றார் மேயர், குழந்தைக்குச் சொல்வதுபோல. பிறகு, திரை விலக்கக் கூப்பிட்டதும் எழுந்துகொண்டே, "உன் கேட் பாஸ் இந்த மாசம் ரினிவல் வருது. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். அவருக்கு எல்லாருடைய கேட் பாஸும் ஞாபகம் இருக்கும்.

வீட்டில் சரிதா கேட்டாள், "என்னா சொன்னாரு?"

"பொன்னாட போத்துறாராம்."

"அத போத்திகினு படு. ஓட்டுப் போட்டமே, அந்த மெஷின்ல யாரு பேரு இருந்துச்சி? அவுரு பேரா? நீ யாராண்ட போயி கேட்டுட்டு வந்து நிக்கிற?"

மறுநாள் காலையில் சரிதா மேயர் வீட்டுக்குப் போனாள். உள்ளே டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி, தையல் மெஷின் எல்லாமே பொன்னாடை போர்த்திக்கொண்டு நின்றன. ஏதோ மேடையில் வரிசையாக உட்கார்ந்திருப்பதுபோல. கஸ்தூரியம்மாள் தரையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அவுரு இல்லியே சரிதா. நாளிக்கி கடலூர்ல ஏதோ வெள்ளி விழாவாம், அதுக்கு சட்ட எடுக்கப் போயிருக்காரு."

"நான் அவர பாக்க வரலக்கா. சேர்மன பாக்க வந்தன்."

கஸ்தூரியம்மாள் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகுதான் அது தானென்று ஞாபகம் வந்தது.

சரிதா எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாள் வாழைப்பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு ரிப்பன்லாம் வெட்டத் தெரியாதுடி. ஒரு தபா கூட வெட்டனதில்ல. பக்கத்துல நிக்க சொல்லுவாங்க, நிப்பன்."

"ரவிக்கத் துணி வெட்றீங்க இல்ல? அதே கத்திரிதான். இது அத வுட ஈசி, அளவு வாணாம்."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு முறத்தைப் பக்கத்தில் இழுத்தார். "எங்க அப்பாரு நெலம் போனப்பவும் இப்டித்தான் ஒரு கூட்டம் போட்டாங்க. மேடையில குந்த வெச்சி மாலை போட்டாங்க. மனுசன் அழுதுகினே குந்தியிருந்தாரு. ஃபோட்டோவுல பாத்தா சிரிக்கிறா மாதிரி இருக்கும்." வாழைப்பூவை முறத்தில் தள்ளினார். "நாளிக்கி எத்தினி மணிக்கிடி மெஷினு?"

மறுநாள் கஸ்தூரியம்மாள் நடந்தே வந்தார். கட்டம் போட்ட வீட்டுப் புடவை, கையில் தையல் கத்திரி. வளைவுக்கு முன்னால் மெஷின் உறுமிக்கொண்டு நின்றது. அதை ஓட்டுகிற செல்வகுமார் கேபினில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். துரைராஜ், சரிதா, பக்கத்து வயல்காரர்கள், சும்மா வந்தவர்கள் என்று ஒரு கூட்டம். கத்திரியைப் பார்த்ததும் சிலம்பரசன் ஓடிவந்தான்.

"அக்கா, அண்ணன் கிட்ட ஒரு வார்த்த…"

"எந்த அண்ணன்டா? நான்தான் தலைவருன்னு நீதான ஃப்ளெக்ஸ் அடிக்கிற. என் மொகத்த மட்டும் ஸ்டாம்பு சைசுல போட்டுட்டு."

"அது எடம் பத்தலக்கா…"

"இப்ப எடம் வுடு."

வெட்டிவிட்டார். பெரிய காரியமாக இல்லை. ஒரே கடி, ரிப்பன் இரண்டு பக்கமும் தொங்கியது. கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. மைக் இல்லாமல் நடந்த திறப்பு விழாவை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. யாரோ ஒருவன் மட்டும் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

மெஷின் மெல்ல நகர்ந்து வளைவுக்குள் மூக்கை நுழைத்தது. துணி கிழிந்தது. அப்புறம் 'டங்' என்று ஒரு சத்தம். மெஷின் நின்றுவிட்டது.

செல்வகுமார் இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தான். "இதென்னங்க, மேல ஒரு பீம் இருக்குது, அதுக்குக் கீழயும் ஒரு பீம்? ஊருல வளைவுன்னா ஒண்ணுதானே போடுவாங்க."

கிழிந்த துணியைச் சரிதா பிடித்து இழுத்தாள். எல்லாருக்கும் தெரிந்தது. மேல் பீமில் வளைவின் பெயரும் மந்திரியின் பெயரும். அதிலேயே இடம் தீர்ந்துவிட்டது. அதற்காகக் கீழே தனியாக ஒரு பீம் ஓட்டி, 'மேயர் பரமசிவம் அவர்களின் சீரிய முயற்சியால்' என்று மேலே இருப்பதைவிடப் பெரிய எழுத்தில், சிமெண்டிலேயே எழுப்பி, தங்க வர்ணம் அடித்திருந்தது. மேல் பீம் மட்டும் இருந்தால் மெஷினும் போகும், அதன் தலையில் ஒரு ஆளும் நின்றுகொண்டு போகலாம். ரிப்பன் அல்ல, மேயரின் பெயர்தான் வழியை மறித்துக்கொண்டிருந்தது.

"சைலன்சர கழட்டிட்டா?" என்றான் துரைராஜ்.

"கேபினே தட்டுதுங்கண்ணா. கேபினைக் கழட்டிட்டா நான் எங்க உக்காருவேன்?"

கஸ்தூரியம்மாள் அண்ணாந்து தன் புருஷன் பெயரைக் கொஞ்ச நேரம் படித்தார். "இத இடிச்சிட்லாமா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. பரணில் கிடக்கிற ஓட்டைப் பானையைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்பதுபோலக் கேட்டார்.

யாரும் அசையவில்லை. கடப்பாரை கொண்டுவரப் போகிறவன்போல ஒருவன் இரண்டு எட்டு வைத்துவிட்டு, கேட் பாஸ் ஞாபகம் வந்து, பீடி பற்ற வைத்துக்கொண்டான். துரைராஜ் வாய்க்காலைப் பார்த்தான், பள்ளத்தைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்தான்.

"நீயாவது போயி கடப்பாரைய எடுத்தா" என்றாள் சரிதா அவனிடம்.

"எடுத்தாந்து? நாளிக்கி ஷிப்டுக்கு யாரு வுடுவாங்க?"

சிலம்பரசன் போன் போட்டு ஒரு மணி நேரத்தில் மேயரின் கார் வந்துவிட்டது. வெள்ளி விழாவைப் பாதியில் விட்டு வந்திருந்தார். கழுத்தில் மாலைகூட அப்படியே இருந்தது. இறங்கியவர் அறுந்த ரிப்பனைப் பார்த்தார். மனைவியின் கையிலிருந்த கத்திரியைப் பார்த்தார். முகம் கறுத்தது. அடுத்து, தன்னையே பார்த்துக்கொண்டிருந்த செல்போனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! இன்று நடந்த ஒத்திகை மிகச் சிறப்பு!" மைக் இல்லாமலே அவர் குரல் மைக்கில் வருவதுபோல்தான் வரும். "விழா அன்று எந்தக் குறையும் வந்துவிடக் கூடாது என்று நம் பேரூராட்சித் தலைவர் அவர்களே நேரில் வந்து ஒத்திகை பார்த்தார்கள். ஒரு கைதட்டல்!"

இப்போது தட்டினார்கள். எப்போது தட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டால் அந்த ஊர் தட்டிவிடும்.

மேயர் தன் மாலையைக் கழற்றி மனைவி கழுத்தில் போட்டார். போடும்போது குனிந்து காதோரம் சொன்னது பக்கத்திலிருந்த சரிதாவுக்குக் கேட்டது. "வூட்டுக்குப் போ." டவுன்ஷிப்பில் வளர்ந்தவர் வீடு என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் மனைவியின் பாஷைக்கு வந்துவிடுவார். கஸ்தூரியம்மாள் மாலையோடு போனார். சிலம்பரசன் புது ரிப்பன் கட்டினான்.

"மாமா, அந்தக் கீழ் பீமு…" என்றான் துரைராஜ்.

"அதுல என்ன மச்சான்?"

"மெஷினு இடிக்குதுங்க."

"நிலம் போன பெறகு இந்த வழியில மெஷின் எதுக்குப் போவப் போகுது? நான் வருங்காலத்தை வெச்சுக் கட்டியிருக்கேன்."

செல்வகுமார் கேபினில் ஏறிக்கொண்டான். "வரேங்கண்ணா. இன்னிக்கே மேல்பட்டாம்பாக்கத்துல இறங்கி ஆவணும்." மெஷின் பின்பக்கமாகவே ஊர்ந்து போனது.

மறுநாள் சாயங்காலம் மழை பிடித்தது. தை மாதத்துக்குக் கொஞ்சம்கூட மரியாதை கொடுக்காத மழை. வளைவின் தங்க வர்ணம் கரைந்துவிடக் கூடாதென்று மேயர் லாரி தார்ப்பாய் வரவழைத்து மூடினார். ஒரு காணி நெல்லை மூடுகிற தார்ப்பாய் எங்கேயும் தயாரிப்பதில்லை. மழை விட்டபோது பொன்னி மொத்தமும் பாய் விரித்ததுபோல் தண்ணீரில் படுத்திருந்தது.

இனி அரிவாள்தான். கையால் அறுக்க ஆள் தேடினால் ஒருத்தியும் கிடைக்கவில்லை. மகளிர் குழுக்கள் எல்லாம் விழா ஒத்திகையில் இருந்தன. நிஜமான ஒத்திகை. உழவர் தியாகத்தைப் பாடிக் கும்மியடிக்க வேண்டும். வராத குழுவுக்கு லோன் சிபாரிசு கிடையாது. உழவனின் தியாகத்தைப் பாடுகிறவர்கள் உழவனுக்குக் கதிர் அறுக்க வர முடியாமல் போனது. பாட்டு வயல் வரைக்கும் கேட்டது. துரைராஜ் ஷிப்டுக்கு லீவு போட்டு, அவனும் சரிதாவுமாகக் கணுக்கால் சேற்றில் நின்று அறுத்தார்கள். கரையில் போட்டு அடித்தார்கள். பாதி வயலைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் மீதி அழுகிவிட்டது. அடித்துத் தூற்றிய நெல்லிலும் நுனியில் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

"ஒரு நாளு வெயிலு காஞ்சா சோத்துக்காவது ஆவும். காயலன்னா மாடு கூட மோந்து பாக்காது" என்றாள் சரிதா.

வெயில் விழா நாளன்றுதான் வந்தது. எங்கே காய வைப்பது? வயல் சேறு. கரை சேறு. வீட்டு வாசலில் நாலு முறம்கூடக் கொள்ளாது. கண்ணுக்கெட்டின வரைக்கும் உலர்ந்த, சுத்தமான, அகலமான தரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வளைவுக்குக் கீழே போட்டிருந்த புதுச் சிமெண்ட் ரோடு. விழாவுக்காக விடிகாலையிலேயே கழுவியும் விட்டிருந்தார்கள்.

சாக்குகளைக் கொண்டுவந்து கொட்டி, துரைராஜ் காலால் கோடு கோடாகப் பரப்பினான். சிலம்பரசன் வாழைமரம் கட்டுவதை விட்டுவிட்டு ஓடிவந்தான்.

"யோவ் மாமா! என்னாய்யா பண்ற?"

"நெல்லு காய வெக்கிறன்."

"இன்னிக்கி விழாய்யா!"

"வெயிலும் இன்னிக்கிதான் வந்துகீது."

"அள்ளுய்யா. மேயர் பாத்தாருன்னா உன் பாஸ கிழிச்சி வாயில போட்டுடுவாரு."

"போடட்டும்" என்றான் துரைராஜ். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. காலை மட்டும் நிறுத்தவில்லை. சரிதா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த சாக்கை அவிழ்த்தாள்.

கூட்டம் இதற்குள் சேர்ந்துவிட்டது. மந்திரி வரவில்லை என்ற செய்தியும் வந்து சேர்ந்தது. வேறு அவசர வேலையாம். ஆக மேயரே திறக்கப் போகிறார். போன வாரம் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம், அதற்கு முந்தின வாரமும் திறந்திருக்கலாம் என்ற கணக்கு அங்கே நின்ற எல்லார் மனசிலும் ஓடியிருக்கும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறப்பு விழாவுக்கு முன்னால் எதையும் திறக்கக் கூடாது.

திறந்த ஜீப்பில் மைக் பிடித்து நின்றபடி மேயர் வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து கார், அதற்குப் பின்னால் பைக்குகள், தவில், நாதஸ்வரம். ரோடு திரும்பியதும் ஜீப் நின்றது. தவிலும் நின்றது. எதிரே வளைவு வரைக்கும் மஞ்சளாக நெல். நடுவில் சேறு காய்ந்த கால்களோடு துரைராஜ். ஓரத்தில் துடைப்பத்தோடு சரிதா.

ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. நெல்லை மிதித்தால் பாவம் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஊர். வண்டி இந்தப் பக்கமே நின்றுவிடும், மேயர் இறங்குவார், கத்துவார், ஒருவேளை அடிப்பார். துரைராஜ் அதற்கெல்லாம் தயாராகத்தான் நின்றான்.

மேயர் நெல்லைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வீடியோ எடுக்கிறவனைப் பார்த்தார். மைக் கரகரத்தது.

"கண்டீர்களா! என் உயிரினும் மேலான உழவர் பெருமக்களின் அன்பைக் கண்டீர்களா! சிவப்புக் கம்பளம் விரிப்பார்கள், பார்த்திருக்கிறேன். இதோ, நிலம் தந்த உழவன், தன் நிலத்தின் கடைசி நெல்லையே எனக்குக் கம்பளமாக விரித்திருக்கிறான்!"

கைதட்டல் வாய்க்காலைத் தாண்டிப் போய் எதிரொலித்தது. டிரைவர் கியரைப் போட்டார்.

"மாமா! நெல்லுங்க! வண்டி ஏத்தாதீங்க!" என்று துரைராஜ் கத்தியது தவில் சத்தத்தில் வாழ்த்துக் கோஷம்போல்தான் கேட்டிருக்க வேண்டும். மேயர் அவனைப் பார்த்துக் கை கூப்பினார். ஜீப் ஏறியது. பின்னாலேயே கார்கள் ஏறின. பைக்குகள் ஏறின. கும்மிப் பெண்கள் மட்டும் ஓரமாக ஒதுங்கி, புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியில் தாண்டிப் போனார்கள். சரிதா ஒரு காரின் பானெட்டில் துடைப்பத்தால் ஓங்கி அடித்தாள். உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கி அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

ரிப்பன் வெட்டப்பட்டது. விழாவுக்குத் தலைமை ஏற்க வேண்டிய பேரூராட்சித் தலைவர் கஸ்தூரியம்மாள் உடல்நலக் குறைவால் வர இயலவில்லை என்று அறிவித்தார்கள். துரைராஜை இரண்டு பேர் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார்கள். பொன்னாடை போர்த்திவிட்டு, மேயர் அவனைக் கட்டிப்பிடித்தபடி மெதுவாகச் சொன்னார்.

"இப்படி ஒண்ணு பண்ணப் போறேன்னு சொல்லவே இல்லியே மச்சான். இதுவரைக்கும் யாரும் எனக்கு இப்படிப் பண்ணதில்ல."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. நடிப்பில்லை. அதுதான் கொடுமை.

"என் நெல்லு போச்சிங்க" என்றான் துரைராஜ்.

"தியாகம்னா அதான்" என்றார் மேயர். மறுநாள் அவன் கேட் பாஸ் ரினிவல் ஆகி, கேட்காமலே வீடு தேடி வந்தது.

அன்று பிற்பகல், பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு கூட்டம் கலைந்த பிறகு, இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டினார்கள். டயர் போன இடமெல்லாம் நெல் நொறுங்கி, உமியும் குருணையுமாகச் சிமெண்டோடு ஒட்டிக்கிடந்தது. சாமந்தி இதழும் ஜிகினாத் தாளும் பெட்ரோல் வாடையும் அதோடு கலந்திருந்தன. சரிதா ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் கூட்டினாள். கூட்டாமல் விட்டுப் போக அவளால் முடியவில்லை.

சிலம்பரசன் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டே வந்தான். காலையில் பேசியதற்கு வெட்கமோ என்னவோ, குரல் தணிந்திருந்தது.

"மாமா, மேயர் ஒண்ணு சொல்லச் சொன்னாரு. மந்திரிக்கு வீடியோ அனுப்பினாங்களாம், அவுருக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சாம். இனிமே வருசாவருசம் இதே நாள்ல இங்க 'நெல் கம்பள விழா' எடுக்கப் போறாங்க. நீதான் விரிக்கணுமாம். உன் பேர்லயே போடுறாங்க."

துரைராஜ் நிமிர்ந்தான். வளைவுக்கு அந்தப் பக்கம் அவனுடைய அறுக்காத பாதி வயல் கறுத்துக் கிடந்தது. அடுத்த தைக்கு அந்த இடத்தில் பள்ளம் இருக்கும்.

"நெல்லுக்கு எங்கடா போறது?"

சிலம்பரசன் அதை யோசித்திருக்கவில்லை. வாழைமரத்தைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"கடையில வாங்கிக்கலாம் மாமா."

சரிதா துடைப்பத்தை நிறுத்தி அவனைப் பார்த்தாள். "கால எடு" என்றாள். "நெல்ல மிதிச்சிகினு நிக்கிற."